பழைய பிக்கப் வண்டியின் பிறேக்குக் குற்றங்களை அறிதல்

நெல்லையும் மரக்கறியையும் விளைவிப்பதோடு கமக்காரரின் வேலை முடிவதில்லை. விளைந்த பொருள் வாடுமுன் சந்தையைச் சேர்தல் வேண்டும். மலைநாட்டுக் கோவாவும் லீக்ஸும் தம்புள்ளைச் சந்தைக்கு வருவதும், வன்னி நெல் ஆலைகளுக்குப் போவதும் வண்டிகளின் உதவியினாலேயே. இவ்வேலைக்குப் பழைய பிக்கப் வண்டிகளையே நம்பியிருக்கும் கமக்காரர் பலர். இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டியாயினும் முறையாகப் பேணப்படின் அது இன்னும் பல ஆண்டுகளுக்கு உழைக்கும்.

எஞ்சின் பழுதடைந்தால் வண்டி வழியில் நின்றுவிடும். சுமை ஒருநாள் பிந்தும். பிறேக்கு பழுதடைந்தாலோ வண்டி நிற்காது. அப்போது நேரும் சேதம் சுமையோடு நின்றுவிடுவதில்லை. சாரதியின் உயிரும், மூட்டைகளின்மேல் இருந்து வருவோரின் உயிரும், தெருவிற் செல்வோரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகின்றன. ஆகவே எஞ்சினிற் காட்டும் கவனத்திலும் கூடிய கவனத்தைப் பிறேக்கிற் காட்டுதல் அவசியமாகும்.

பிறேக்கு திடீரென்று விட்டுவிட்டது என்று விபத்தின் பின்னர் சொல்லப்படுவதுண்டு. திடீரென நேரும் குற்றங்களும் உண்டெனினும், பெரும்பாலானவை பல நாட்களுக்கு முன்னரே தமது அறிகுறிகளைக் காட்டுகின்றன. அவ்வறிகுறிகள் முதலில் தோன்றும் இடம் பிறேக்கு மிதியாகும். மிதியின் போக்கை அறிந்த சாரதி, குற்றம் எந்த உறுப்பில் உள்ளதென்பதைக் கருவி எதுவுமின்றியே பெரும்பாலும் ஊகித்துக்கொள்ளலாம். அம்முறை இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

பிறேக்கு வேலைசெய்யும் முறை

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் குறையாது எல்லாப் பக்கங்களுக்கும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கால் 17ஆம் நூற்றாண்டிற் கண்டறிந்த விதி. பிக்கப் வண்டியின் பிறேக்கு இவ்விதியின்படியே வேலைசெய்கிறது. சாரதி மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டரினுள் இருக்கும் தண்டு பிறேக்கு எண்ணெயைத் தள்ளுகின்றது. எண்ணெய் இரும்புக் குழாய்கள் வழியாகவும், சில்லுகளுக்கு அண்மையிலுள்ள ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் சென்று, ஒவ்வொரு சில்லிலும் உள்ள சிறு சிலிண்டரை அடைகிறது. அங்கே அது பிறேக்கு சூக்களை விரித்து ட்ரம்மின் உட்புறத்தில் உராயச் செய்கிறது. அல்லது, தட்டுப் பிறேக்காயின், இரு பக்கத்துப் பாட்களையும் நெருக்கித் தட்டைப் பிடிக்கச் செய்கிறது. பழைய பிக்கப்கள் பலவற்றில் முன்சில்லுகளுக்குத் தட்டும் பின்சில்லுகளுக்கு ட்ரம்மும் உண்டு. மிகப் பழையவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ட்ரம்மே இருக்கும்.

இம்முறையில் மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கன. முதலாவது, எண்ணெய் அமுங்காது. காற்றோ நீராவியோ அமுங்கும். ஆதலால் குழாயினுள் காற்றுப் புகுந்தால் சாரதியின் விசை காற்றை நெருக்குவதிலேயே வீணாகும். இரண்டாவது, எண்ணெய் எங்கேனும் வெளியேறினால் அமுக்கம் உண்டாகாது. மூன்றாவது, மிகப் பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய் வழி ஒன்றேயாகும். அவற்றில் ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒருங்கே போய்விடும். பிற்கால வண்டிகளில் வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளதால், ஒன்று பழுதடைந்தாலும் மற்றது ஓரளவு பிடிக்கும். தமது வண்டி எவ்வகையைச் சேர்ந்ததென்பதை ஒவ்வொரு சொந்தக்காரரும் திருத்துநரிடம் கேட்டு அறிந்துகொள்ளல் வேண்டும்.

நான்காவதாக ஓர் உறுப்பையும் அறிதல் நன்று. மாஸ்ரர் சிலிண்டருக்குப் பின்னால் வட்டமான பெரிய தகரப் பேணிபோல் அமைந்திருப்பது பூஸ்ரர் ஆகும். இது வெற்றிடத்தின் உதவியால் சாரதியின் கால் விசையைப் பெருக்குகின்றது. பெற்றோல் எஞ்சினில் இவ்வெற்றிடம் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாயிலிருந்து கிடைக்கும். டீசல் எஞ்சினில் அவ்வாறு போதிய வெற்றிடம் உண்டாகாமையால் தனியான பம்பு ஒன்று உண்டு. பல வண்டிகளில் அது மின்பிறப்பாக்கியின் பின்புறத்தில் இணைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் நின்றால் இவ்வுதவி இரண்டு மூன்று மிதிகளோடு தீர்ந்துவிடும்.

சுமையும் சரிவும்

ஓடும் வண்டியை நிறுத்துவதென்பது அதன் இயக்கத்தை வெப்பமாக மாற்றுவதேயாகும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்துவதற்கு, 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது வேண்டிய பிறேக்குத் தூரத்திலும் நான்கு மடங்கு தூரம் வேண்டும்.

சரிவில் இறங்கும்போது நிலைமை மேலும் கடினமாகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்திலும், கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்திலும் உள்ளன. சுமையுடன் இரண்டரைத் தொன் நிறையுள்ள பிக்கப் ஒன்று இவ்வுயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 100 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதிற் பெரும் பங்கைக் குறைந்த கியரில் உள்ள எஞ்சின் தாங்கவல்லது. எஞ்சினுக்கு அவ்வேலை கொடுக்கப்படாவிடின் அவ்வளவு வெப்பமும் நான்கு சில்லுகளின் பிறேக்குகளிற் சேரும். வெறும் வண்டியில், சமதரையில், நன்றாகப் பிடித்த பிறேக்கு மலைச்சரிவிற் கைவிடுவதற்குக் காரணம் இதுவேயாகும்.

சுமை ஏற்றுமுன் செய்யவேண்டிய சோதனை

இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். வண்டி சமதரையில், எஞ்சின் நிறுத்தப்பட்டு இருத்தல் வேண்டும்.

முதலில் எண்ணெய்ப் பாத்திரத்தைப் பார்க்கவேண்டும். எண்ணெய் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நிற்றல் வேண்டும். புதிய எண்ணெய் தெளிவாக இருக்கும். கறுத்து, அடியில் மண்டி படிந்திருப்பின் அது பழையதாகிவிட்டதென்று கொள்ளலாம்.

இரண்டாவதாக, குனிந்து நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும். ரயரின் உட்பக்கத்திலோ சில்லுக்குக் கீழே நிலத்திலோ ஈரம் காணப்படின் அது யாதென அறிதல் வேண்டும்.

மூன்றாவதாக, எஞ்சின் ஓடாதிருக்கையில் மிதியை ஐந்தாறு முறை அழுத்தி விடவேண்டும். மிதி படிப்படியாக உயர்ந்து இறுகினால் பூஸ்ரர் முன்னைய ஓட்டத்தின் வெற்றிடத்தைக் காத்து வைத்திருந்தது என்பது பொருள். பின்னர் மிதியை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை இயக்கவேண்டும். மிதி காலின்கீழ் சிறிது தாழ்தல் வேண்டும். அது தாழாவிடின் பூஸ்ரருக்கு வெற்றிடம் கிடைக்கவில்லை.

நான்காவதாக, எஞ்சின் ஓடும்போது மிதியை ஒரே விசையுடன் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். மிதி ஓரிடத்தில் அசையாது நிற்றல் வேண்டும்.

இறுதியாக, வண்டியை வெறுமையான சமதரைத் தெருவில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி ஒருமுறை நிறுத்திப் பார்க்கவேண்டும். நேராக நின்றதா, ஒருபக்கம் இழுத்ததா, ஓசை எழுந்ததா என்பன கவனிக்கப்படல் வேண்டும்.

மிதி காட்டும் நான்கு குற்றங்கள்

1. தாழ்ந்து செல்லும் மிதி. மிதி வழமையிலும் தாழச் சென்ற பின்னரே பிறேக்கு பிடிக்கின்றது. உடனே இரண்டாம் முறை அழுத்த உயர்ந்து உறுதியாகின்றது. இவ்வாறாயின் ட்ரம்முக்கும் சூவின் லைனிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடிவிட்டது. லைனிங் தேயத் தேய இது நிகழும். பழைய வண்டிகளில் இவ்விடைவெளியை உட்தட்டிலுள்ள துளை வழியாகப் பற்சில்லைத் திருகிக் குறைத்தல் வேண்டும். லைனிங் ஆணித்தலைக்கு அண்மைவரை தேய்ந்திருந்தால், திருகுவதால் மட்டும் பயனில்லை, லைனிங்கை மாற்றவேண்டும். இரு வழியுள்ள வண்டியில் ஒரு வழி எண்ணெயை இழந்தாலும் மிதி தாழும். ஆனால் அப்போது மீண்டும் மீண்டும் அழுத்தினாலும் அது பழைய உயரத்துக்கு வராது. எண்ணெய்ப் பாத்திரத்தின் ஒரு பகுதி வற்றியிருக்கும்.

2. பஞ்சுபோன்ற மிதி. மிதி உறுதியான இடத்தை அடையாது, அழுத்த அழுத்த நெகிழ்கின்றது. இது குழாயினுள் காற்றுப் புகுந்ததன் அடையாளம். எண்ணெய் குறைந்து பாத்திரம் வற்றியிருத்தல், சில்லுச் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருத்தல், திருத்தவேலையின் பின் காற்றுச் சரியாக வெளியேற்றப்படாமை ஆகியன இதற்குக் காரணங்கள். பழைய ரப்பர்க் குழாய் பலமிழந்து, அழுத்தும்போது ஊதிப் பெருப்பதாலும் இவ்வாறு நேரலாம். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் குழாயைக் கையாற் பிடித்துப் பார்த்தால் இது தெரியவரும். காற்றை வெளியேற்றிய சில நாட்களில் மிதி மீண்டும் பஞ்சுபோலானால், காற்றுப் புகும் வாயில் இன்னும் திறந்திருக்கின்றதென்று அறிந்து அதனைத் தேடவேண்டும்.

3. மெல்ல அமிழும் மிதி. முதலில் உறுதியாக இருந்த மிதி, அழுத்திப் பிடிக்கையில் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகின்றது. இதற்கு இரு காரணங்களே உண்டு. எண்ணெய் வெளியே கசிகின்றது. அல்லது மாஸ்ரர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்து எண்ணெய் அதற்குள்ளேயே பின்னோக்கிச் செல்கின்றது. எண்ணெய்ப் பாத்திரத்தின் மட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும். மட்டம் குறைந்தால் வெளிக்கசிவு. குறையாவிடின் மாஸ்ரர் சிலிண்டர். இரண்டாவது குற்றம் மிகவும் வஞ்சகமானது. வேகமாக மிதிக்கும்போது பிறேக்கு நன்றாகவே பிடிக்கும். எங்கும் ஒரு துளி ஈரமும் தெரியாது. நீண்ட சரிவில் மிதியை இலேசாக அழுத்தியபடி இறங்கும்போதே அது கைவிடும். மிதி அமிழும் வண்டியிற் சுமை ஏற்றுதல் ஆகாது.

4. கல்லுப்போல் இறுகிய மிதி. மிதி சிறிதும் இறங்காது. முழுப் பலத்துடன் மிதித்தும் வண்டி தாமதித்தே நிற்கின்றது. எண்ணெய் வழியிற் குற்றமில்லை; பூஸ்ரரின் உதவி கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். முதலில் பூஸ்ரருக்குச் செல்லும் வெற்றிடக் குழாயைப் பார்க்கவேண்டும். அது வெடித்திருத்தலும் கழன்றிருத்தலும் பலமுறை காணப்படும் குற்றங்கள். அதிலுள்ள ஒருவழி வால்வும், டீசல் வண்டியாயின் வெற்றிடப் பம்பும் அடுத்துப் பார்க்கப்படல் வேண்டும். இவை யாவும் நன்றாயிருப்பின் பூஸ்ரரே பழுதடைந்திருக்கும். பூஸ்ரர் சோதனையிற் குற்றம் தெரியாமலும் மிதி இறுகியிருந்தால், லைனிங் வெப்பத்தால் கருகிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருத்தலையோ, சில்லுச் சிலிண்டர்கள் துருவேறி இறுகியிருத்தலையோ நினைக்கவேண்டும்.

கசிவைத் தேடும் முறை

எண்ணெய் குறைந்தபோது மீண்டும் நிரப்பிவிட்டு ஓடுதல் பலரிடம் காணப்படும் பழக்கமாகும். இது தவறு. பாட்களும் லைனிங்கும் தேயும்போது எண்ணெய் மட்டம் மாதக்கணக்கில் மிக மெதுவாக இறங்குவது இயல்பு. ஒரு கிழமையிற் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. கசிவு காணப்படும்வரை வண்டி ஓடலாகாது.

ஈரத்தைக் கண்டால் அது எந்த எண்ணெய் என்று முதலில் அறியவேண்டும். பிறேக்கு எண்ணெய் நீர்போல் ஓடும், விரலில் வழுக்கும், நீரிற் கழுவப் போய்விடும், வண்டியின் பூச்சிற் பட்டால் அதனைக் கிளப்பிவிடும். பின் அச்சின் கியர் எண்ணெய் தடிப்பானது, கந்தகம் போன்ற கடுநெடி உடையது, நீரிற் கழுவப்படாது. பின்சில்லினுட் காணப்படுவது கியர் எண்ணெயாயின், பிறேக்குச் சிலிண்டரில் அன்றி அச்சின் எண்ணெய்த் தடுப்பு வளையத்திலேயே குற்றம் உள்ளது. எவ்வெண்ணெய் ஊறிய லைனிங்காயினும் அதைக் கழுவிப் பாவித்தல் ஆகாது, மாற்றவே வேண்டும்.

சில்லுகள் நான்கும் உலர்ந்திருந்தால் இரும்புக் குழாய்களை நுனி முதல் நுனி வரை பார்க்கவேண்டும். சட்டத்தோடு குழாய் பிணைக்கப்பட்ட இடங்களிற் சேறு தங்கித் துருவேறும். பின்னர் சாரதியின் காலடியில், மிதித்தண்டு சுவரினூடாகச் செல்லும் இடத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். அங்கே ஈரமிருப்பின் மாஸ்ரர் சிலிண்டரின் பின் ரப்பர் பழுதடைந்துள்ளது. எங்கும் ஈரமின்றி எண்ணெய் மட்டும் குறைந்துவந்தால் அது பூஸ்ரரினுட் சேர்ந்துகொண்டிருக்கலாம். பெற்றோல் வண்டியில் அவ்வெண்ணெய் எஞ்சினால் உறிஞ்சப்பட்டு, புகைக்குழாயில் வெண்புகையாக வெளிவருவதுமுண்டு.

ஒருபக்கம் இழுத்தலும் சில்லு சூடாதலும்

பிறேக்கு பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால், பெரும்பாலும் குற்றம் வலப்பக்கத்துச் சில்லிலேயே இருக்கும். நன்றாகப் பிடிக்கும் பக்கமே வண்டியை இழுக்கின்றது. வலப்பக்கத்து லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது சிலிண்டர் இறுகியிருக்கலாம். ஆயினும் முதலில் இரு பக்கத்து ரயர்களின் காற்று சமமாக உள்ளதா என்று பார்த்தல் நன்று.

மிதியை விட்ட பின்னரும் ஒரு சில்லின் பிறேக்கு விடாது பற்றிக்கொண்டிருத்தல் மற்றொரு குற்றமாகும். சில கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்றால் சூடு வேறுபாடு தெரியும். சூடான இரும்பைத் தொடுதல் கூடாது. ஒரு சில்லு மட்டும் கடுஞ்சூடாயிருந்தால் அதனை ஜாக்கியில் உயர்த்தி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கையாற் சுழற்றிப் பார்க்கவேண்டும். அது சுழலாவிடின் திருத்துநர் அச்சில்லின் காற்றுத் திருகாணியைச் சிறிது தளர்த்துவார். எண்ணெய் பீறிச் சில்லு விடுபட்டால், ரப்பர்க் குழாய் உள்ளே ஒட்டி எண்ணெயைத் திரும்பவிடாது தடுத்துள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விடுபடாவிடின் சிலிண்டரோ கைப்பிறேக்குக் கம்பியோ துருப்பிடித்து இறுகியுள்ளது. நான்கு சில்லுகளும் ஒருங்கே சூடானால், மாஸ்ரர் சிலிண்டரிலோ மிதியின் தளர்விடை இல்லாமையிலோ குற்றத்தைத் தேடவேண்டும்.

கமக்காரரின் வண்டிக்கே உரிய காரணங்கள்

வயலிலும் தோட்டத்திலும் வேலைசெய்யும் வண்டிக்குப் பட்டணத்து வண்டிக்கு நேராத சில தீங்குகள் நேர்கின்றன.

நீரும் சேறும்: வாய்க்காலையோ நீர் பாயும் பாலத்தையோ கடந்தபின் ட்ரம்மினுள் நீர் நிற்கும். நனைந்த லைனிங் பிடிக்காது. கடந்தவுடன் மெதுவாக ஓட்டியபடி மிதியை இலேசாகப் பலமுறை அழுத்தினால் அது உலரும். சேறு உட்புகுந்தால் உலர்த்துதல் போதாது; ட்ரம்மைக் கழற்றிச் சுத்தஞ்செய்தல் வேண்டும். இன்றேல் மணல் லைனிங்கையும் ட்ரம்மையும் அரைத்துவிடும்.

உரம்: நெல்லுக்கு இடப்படும் மியூறியேற்று பொட்டாசு ஒரு குளோரைட்டு உப்பாகும். அது ஈரத்துடன் சேரும்போது இரும்பை விரைவில் அரிக்கும். கிழிந்த உரமூட்டையிலிருந்து சிந்தியது தட்டின் இடுக்குகளூடாக இறங்கிக் குழாய்களிற் படியும். உரம் ஏற்றிய நாளிலேயே வண்டியின் மேற்றட்டையும் அடிப்புறத்தையும் நன்னீராற் கழுவுதல் வேண்டும். கடற்கரைப் பிரதேசத்து வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

மேலதிக வில்லுத் தகடுகள்: கூடிய சுமை ஏற்றுவதற்காகப் பின் வில்லுடன் மேலும் தகடுகளைச் சேர்ப்பது வழக்கமாகியுள்ளது. பல பிக்கப்களின் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிறு தண்டு ஒன்றும் வால்வு ஒன்றும் உண்டு. சுமை ஏறி வண்டியின் பின்புறம் தாழும்போது இவ்வால்வு பின்சில்லுகளுக்குக் கூடிய அமுக்கத்தை விடுகின்றது. வில்லு விறைத்து வண்டி தாழாதிருந்தால், ஒரு தொன் ஏற்றியிருந்தாலும் வண்டி வெறுமையானதென்றே வால்வு கொள்ளும். பின்பிறேக்கு போதியளவு பிடிக்காது. முன்பிறேக்குகள் அளவுகடந்து சூடாகும். தகடு சேர்க்கப்பட்ட வண்டியில் இவ்வால்வைத் திருத்துநரைக் கொண்டு சோதித்துக்கொள்ளல் வேண்டும். வண்டிக்கு விதிக்கப்பட்ட சுமையை மீறாமையே இதற்குச் சிறந்த பரிகாரம்.

வேறு எண்ணெய் ஊற்றுதல்: அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயையோ வேறு கனிய எண்ணெயையோ பிறேக்குப் பாத்திரத்தில் ஊற்றுதல் பெருந்தவறாகும். பிறேக்கின் ரப்பர்கள் அவ்வெண்ணெயில் ஊறிப் பெருத்துவிடும். பின்னர் பிறேக்கு பற்றிக்கொள்ளும், அல்லது முற்றாகக் கைவிடும். பாத்திர மூடியின் ரப்பர் பெருத்துச் சுருண்டிருந்தால் இத்தவறு நிகழ்ந்துள்ளதென்று அறியலாம். அந்நிலையில் ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றி, குழாய்களையும் கழுவவேண்டும். வண்டிக்குக் குறிக்கப்பட்ட பிறேக்கு எண்ணெயையே, மூடி திறவாத புதுப் பேணியிலிருந்து ஊற்றுதல் வேண்டும்.

பழைய எண்ணெயும் மலைச்சரிவும்

பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும் என்பது நியமம். நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைந்த நீர் சேர்ந்ததும் அதற்கு விதிக்கப்பட்ட அளவு 140 பாகையாகக் குறைகின்றது. டொட் 4 வகைக்கு இவ்வளவுகள் 230, 155 பாகைகளாகும். நீண்ட சரிவிற் சூடேறிய பிறேக்கினுள் பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும்; மிதி தரையைத் தொடும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டபின் மிதி பழையபடி உறுதியாகிவிடும். குற்றம் இருந்த இடமும் தெரியாது. இதனாலேயே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை முற்றாக மாற்றவேண்டுமென்று கூறப்படுகின்றது.

வெப்பத்தால் வேறொரு குற்றமும் உண்டாகும். மிதி உறுதியாகவே இருக்கும். ஆனால் பிறேக்கு பிடிக்காது. கருகல் நாற்றம் எழும். இங்கே எண்ணெயில் அன்று, லைனிங்கிலேயே வெப்பம் மிகுந்துள்ளது. மிதி தரைக்குச் சென்றால் எண்ணெய், மிதி உறுதியாயிருந்தும் பிடிக்காவிட்டால் லைனிங் என இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம்.

இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. சரிவு தொடங்குமுன்னரே குறைந்த கியருக்கு மாறவேண்டும். ஏறும்போது வேண்டிய கியரே இறங்குவதற்கும் ஏற்றது. மிதியை இடைவிடாது அழுத்தியபடி இறங்காது, வேகம் கூடும்போது உறுதியாக அழுத்திக் குறைத்து, பின் விட்டுவிடவேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை நிறுத்தியோ கியரை நீக்கியோ சரிவில் இறங்குதல் உயிராபத்தானது. கியர் நீங்கினால் எஞ்சினின் தடை இல்லாமற்போகின்றது; எஞ்சின் நின்றால் அதனோடு பூஸ்ரரின் உதவியும் போகின்றது. மிச்சமாகும் சில லீற்றர் எரிபொருள் இதற்கு ஈடாகாது.

வழியிற் பிறேக்கு கைவிட்டால்

மிதி தரைக்குச் சென்றால் உடனே விட்டு விரைவாகப் பலமுறை அழுத்தவேண்டும். சிறிதளவு அமுக்கமாவது திரும்பி வரக்கூடும். அதே வேளை ஒவ்வொரு கியராகக் குறைக்கவேண்டும். கைப்பிறேக்கு பெரும்பாலான பிக்கப்களிற் கம்பியால் இழுக்கப்படுவது, எண்ணெயை நம்பியிருப்பதன்று. அதனைச் சிறிது சிறிதாக இழுக்கவேண்டும். ஒரேயடியாக இழுத்தாற் பின்சில்லுகள் பூட்டி வண்டி சுழலும். எஞ்சினை நிறுத்தலாகாது. சாவியை எடுக்கவே கூடாது, சுக்கான் பூட்டிக்கொள்ளும். ஒலியெழுப்பியபடி, ஏற்றமான பக்கவீதியையோ மண்திட்டையோ பற்றையையோ நாடி வண்டியைச் செலுத்தவேண்டும்.

நின்றபின் சில்லுகளுக்குக் கல் வைக்கவேண்டும். சூடான ட்ரம்மில் நீர் ஊற்றக்கூடாது, அது வெடிக்கும். ஆறியபின் மிதி திரும்பிவிட்டதென்று மகிழ்ந்து பயணத்தைத் தொடரலாகாது. சுமையை வேறு வண்டிக்கு மாற்றுதலே முறை. ஒரு சுமை மரக்கறி வாடுவதால் நேரும் நட்டத்தை அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம்.

தானே செய்யத்தக்கனவும் தகாதனவும்

பார்த்தல், மிதியைச் சோதித்தல், கழுவுதல், சரியான எண்ணெய் கொண்டு மட்டத்தைப் பேணுதல் ஆகியவற்றைக் கமக்காரர் தாமே செய்யலாம். சிலிண்டர் ரப்பர் மாற்றுதல், குழாய் மாற்றுதல், லைனிங் ஒட்டுதல், காற்று வெளியேற்றுதல் ஆகியவற்றைத் தேர்ந்த திருத்துநரிடமே விடவேண்டும். வெடித்த இரும்புக் குழாயைப் பற்றவைத்தலோ, கசியும் வழியை ஆணி அடித்து அடைத்து மூன்று சில்லுகளுடன் ஓடுதலோ கூடாது. லைனிங்கை ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றாது, ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் ஒருங்கே மாற்றவேண்டும். முற்கால லைனிங்குகளிற் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு செய்யும். ஆகவே ட்ரம்மிலுள்ள தூசை ஊதியோ உலரத் துடைத்தோ அகற்றாது, நனைத்துத் துடைக்கவேண்டும். பிறேக்கு எண்ணெய் நஞ்சாகும். கழித்த எண்ணெயை வாய்க்காலிலோ தோட்டத்திலோ ஊற்றாது, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மூடி வைத்துக் கராஜில் ஒப்படைத்தல் வேண்டும்.

திருத்துநரிடம் செல்லும்போது பிறேக்கு சரியில்லை என்று மட்டும் சொல்லாது, மிதி தாழ்கின்றதா, நெகிழ்கின்றதா, அமிழ்கின்றதா, இறுகியுள்ளதா என்பதையும், அது சுமையுடனா வெறுமையாகவா, சூட்டிலா குளிரிலா தோன்றியதென்பதையும் சொல்லுதல் வேண்டும். இதனால் தேவையற்ற உறுப்புகளை மாற்றும் செலவும் குறையும்.

நினைவில் வைக்கவேண்டியவை

1. சுமை ஏற்றுமுன் ஐந்து நிமிடம் மிதியையும் எண்ணெய் மட்டத்தையும் சில்லுகளையும் சோதிக்க.

2. இரண்டாம் மிதியில் உயர்ந்தால் இடைவெளி, நெகிழ்ந்தால் காற்று, அமிழ்ந்தால் கசிவு அல்லது மாஸ்ரர் சிலிண்டர், இறுகினால் பூஸ்ரர்.

3. குறைந்த எண்ணெயை நிரப்புவது திருத்தமாகாது, கசிவைக் கண்டுபிடிக்க.

4. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிறேக்கு எண்ணெயை முற்றாக மாற்றுக. வேறு எண்ணெய் எதையும் ஊற்றற்க.

5. சரிவில் குறைந்த கியரில் இறங்குக. எஞ்சினை ஒருபோதும் நிறுத்தற்க.

6. மிதியிற் சந்தேகமிருப்பின் அன்று சுமை ஏற்றற்க.